பேட்மேனுக்கு முகம் தந்தவர்!

பேட்மேன் படம் ஒன்று வெளியாகி, தியேட்டர்களில் கூட்டம் அலைமோதினால், ரசிகர்களிடையே உடனே இரண்டு பேச்சு கிளம்பி விடும். ஒன்று, படம் எத்தனை கோடி வசூல் என்பது. மற்றொன்று, அடுத்த படத்தில் வில்லன் யார் என்பது.

2008ல், 'தி டார்க் நைட்' என்ற படம் வந்தது. உலகம் முழுவதும் சேர்த்து, 100 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஜோக்கர் என்ற வில்லனாக நடித்த ஹீத் லெட்ஜர், படம் வெளியாவதற்கு முன்பே இறந்து விட்டார். அடுத்த ஆண்டு, அந்த நடிப்புக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது. இனி ஜோக்கர் வர மாட்டார். அப்படியானால், அடுத்த வில்லன் ரிட்லரா, பென்குவினா என்று ரசிகர்கள் மண்டையைக் குடைந்து கொண்டனர். கடைசியில், 2012ல் வந்தவர்கள் பேன் என்ற முரடனும், கேட்வுமனும்! அந்தப் படமும், 100 கோடி டாலரைத் தாண்டியது. ரசிகர்கள் எதிர்பார்த்த ரிட்லரும் பென்குவினும், 2022ல் வந்த, 'தி பேட்மேன்' படத்தில் தான் ஒன்றாகத் தலைகாட்டினர்.

ஜோக்கர், பென்குவின், ரிட்லர், கேட்வுமன், டூ பேஸ், ஸ்கேர்குரோ... இத்தனை வில்லன்களையும் எழுதிய பேனா ஒரே ஒருவருடையது. அவர் பெயர் பில் ஃபிங்கர். இன்று உலகம் முழுவதும் பேட்மேன் ரசிகர்களுக்குத் தெரிந்த பெயர் அது. ஆனால், அவர் உயிரோடு இருந்த வரை, ஒரு பேட்மேன் புத்தகத்தின் முதல் பக்கத்தில் கூட, உருவாக்கியவர் என்று அந்தப் பெயர் அச்சானதில்லை!

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் உள்ள டென்வர் நகரில், 1914 பிப்ரவரி 8ல் பிறந்தார் பில் ஃபிங்கர். பெற்றோர் வைத்த பெயர் மில்டன். யூதக் குடும்பம். தந்தை, ஆஸ்திரியா - ஹங்கேரி நாட்டில் இருந்து பிழைப்பு தேடி அமெரிக்கா வந்தவர். டென்வரில் இருந்து நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதிக்குக் குடி பெயர்ந்து, தையல் கடை வைத்திருந்தார்.

1929ல், அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. வங்கிகள் மூடின, ஆலைகள் நின்றன, லட்சக்கணக்கானோர் வேலை இழந்தனர். சோற்றுக்கே வழி இல்லாதவன் புதுச் சட்டை தைக்கப் போவானா? அந்த நெருக்கடியில், ஃபிங்கரின் தந்தையும் தையல் கடையை மூட வேண்டியதாயிற்று.

பிராங்சில் உள்ள டிவிட் கிளின்டன் உயர்நிலைப் பள்ளியில், 1933ல் படிப்பை முடித்தார் ஃபிங்கர். எழுத்தாளராக வேண்டும் என்பது ஆசை. கிடைத்ததோ, செருப்புக் கடையில் விற்பனையாளர் வேலை. அந்தக் காலத்தில், யூதப் பெயர் என்று தெரிந்தாலே வேலை தர மறுத்தவர்கள் உண்டு. மில்டன் என்ற பெயரை விட்டு, பில் என்று வைத்துக் கொண்டார்.

பகலெல்லாம் கடைக்கு வருவோரின் காலில் செருப்பை மாட்டி அளவு பார்ப்பார். நேரம் கிடைத்தால் மர்மக் கதைகள் படிப்பார், சினிமா பார்ப்பார். சாகசக் கதைகள் என்றால் அவருக்கு உயிர்.

1938ல், ஒரு விருந்தில், பாப் கேன் என்ற இளைஞரைச் சந்தித்தார். அவரும் டிவிட் கிளின்டன் பள்ளியில் படித்தவர் தான். கேனுக்குப் படம் வரையத் தெரியும். பத்திரிகைகளில் வாய்ப்பும் இருந்தது. ஃபிங்கருக்குக் கதை எழுதத் தெரியும், வாய்ப்பு இல்லை. கேன் வரையும் படக்கதைகளுக்கு, ஃபிங்கர் எழுதித் தருவது என்று பேசிக் கொண்டனர். கதைக்கு உரிய பணத்தை கேன் தருவார். பெயர், கேன் பெயர் மட்டும் தான் வரும். இப்படி, அடுத்தவர் பெயரில் எழுதுபவரை, நிழல் எழுத்தாளர் என்பர்.

அதே 1938ல், சூப்பர்மேன் என்ற புது நாயகன் படக்கதை உலகைப் புரட்டிப் போட்டான். சூப்பர்மேன் வந்த புத்தகம் கடைகளில் தங்கவில்லை. உடனே, இதைப் போல இன்னொரு நாயகன் வேண்டும் என்று பதிப்பாசிரியர் கேட்க, ஒரு வார இறுதிக்குள் கொண்டு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார் கேன்.

கேன் வரைந்த படம் எப்படி இருந்தது தெரியுமா? சிவப்பு நிறத்தில் இறுக்கமான உடை. கண்களை மட்டும் மறைக்கும் சின்ன முகமூடி. முதுகில், பறக்கும் இயந்திரத்தின் இறக்கை போல விறைப்பாக நீட்டிக் கொண்டிருக்கும் இரண்டு சிறகுகள். அந்த உருவத்துக்கு, பேட்மேன் என்று பெயர் வைத்திருந்தார். பேட் என்றால் வவ்வால்.

படத்தை ஃபிங்கரிடம் காட்டி யோசனை கேட்டார். ஃபிங்கர் என்ன செய்தார் தெரியுமா? அலமாரியில் இருந்த அகராதியை எடுத்து, வவ்வால் படம் உள்ள பக்கத்தைத் திறந்து, அதன் காதுகளைக் காட்டினார். சின்ன முகமூடி வேண்டாம்; தலையை மூடும் உறை போட்டு, இரண்டு காதுகள் வைக்கலாம் என்றார். விறைப்பான சிறகுக்குப் பதில், ஓடும் போது விரியும் மேலங்கி. அதன் ஓரம், வவ்வால் இறக்கை போல வளைந்து வளைந்து இருக்க வேண்டும். கைகளுக்கு உறை. கண்மணி தெரியாத வெள்ளைக் கண்கள். சிவப்பு வண்ணத்தை எடுத்து விட்டு, இருட்டில் கலந்து விடும் சாம்பல், கறுப்பு.

இப்போது கண்ணை மூடி, பேட்மேனை நினைத்துப் பாருங்கள். மனதில் தோன்றுவது கேன் முதலில் வரைந்த உருவமா, ஃபிங்கர் சொன்ன உருவமா?

பெயர்களும் அவர் கொடுத்தவை தான். முகமூடி இல்லாத நேரத்தில் பேட்மேன், புரூஸ் வெய்ன் என்ற பணக்காரர் அல்லவா? ஸ்காட்லாந்தின் வீர மன்னர் ராபர்ட் புரூஸ் பெயரில் பாதி; அமெரிக்க விடுதலைப் போரின் தளபதி ஆன்டனி வெய்ன் பெயரில் பாதி. இரண்டையும் ஒட்டினார். பேட்மேன் வாழும் ஊருக்குப் பெயர் தேடி, டெலிபோன் டைரக்டரியைப் புரட்டிக் கொண்டிருந்த போது, கோதம் என்ற பெயரில் ஒரு நகைக்கடை கண்ணில் பட்டது. கோதம் சிட்டி பிறந்தது! டார்க் நைட் என்ற பட்டப் பெயர் கூட, 1940ல் ஃபிங்கர் எழுதிய ஒரு கதையில் தான் முதலில் வந்தது. 100 கோடி டாலர் வசூலித்த படத்தின் தலைப்பு அது.

'டிடெக்டிவ் காமிக்ஸ்' 27ம் இதழில், 1939ல், பேட்மேனின் முதல் கதை வந்தது. ஆறே பக்கம். புத்தகத்தின் விலை, 10 சென்ட். அந்த இதழின் ஒரு பிரதி, 2010ல் ஏலத்துக்கு வந்த போது, 10 லட்சம் டாலருக்கு மேல் விலை போனது!

அந்த முதல் கதை, முழுக்க ஃபிங்கரின் சொந்தச் சரக்கு இல்லை. அப்போது புகழ் பெற்றிருந்த, ஷேடோ என்ற துப்பறியும் நாயகனின் கதை ஒன்றைப் பின்பற்றி எழுதியது. அதைப் பின்னாளில் அவரே ஒப்புக் கொண்டார். எழுதப் பழகும் யாரும் முதலில் அப்படித் தான் தொடங்குவர். போகப் போக, அவருக்கென்று ஒரு பாணி வந்தது.

பாணிக்குக் காரணம், அவர் சட்டைப் பையில் இருந்த குறிப்பேடு. போகும் இடமெல்லாம் அதைக் கொண்டு போவார். வித்தியாசமான செய்தி, விசித்திரமான தொழில், புதிய கருவி, வேடிக்கையான பழக்கம்... எது காதில் விழுந்தாலும், கண்ணில் பட்டாலும் குறித்துக் கொள்வார். அறிவியல் பத்திரிகைகளில் வரும் படங்களை வெட்டி வைத்துக் கொள்வார். கதையை ஓவியரிடம் தரும் போது, அதற்குப் பொருத்தமான படங்களையும் சேர்த்துத் தருவார். அதனால், அவர் கதைக்குப் படம் வரைவது ஓவியர்களுக்குப் பிடிக்கும். பெரிய தட்டெழுத்து இயந்திரம், பெரிய நாணயம் என்று வீட்டைவிட உயரமான பொருள்களின் மேல் பேட்மேன் குதித்துச் சண்டையிடும் காட்சிகள் எல்லாம், அந்தக் குறிப்பேட்டில் இருந்து முளைத்தவை.

வில்லன்களும் அதில் தான் முளைத்தனர். எம்பரர் பெங்குவின் பறவை, கறுப்புக் கோட்டு போட்ட பெரிய மனிதர் போல இருக்கிறது என்று தோன்றியது. 1941ல், குடையும் நீள மூக்குமாக பென்குவின் வந்தார். அதே ஆண்டு வந்தவர், பயத்தைப் பற்றிப் பாடம் நடத்தும் பேராசிரியராக இருந்து, பயத்தையே ஆயுதமாக்கிய ஸ்கேர்குரோ. 1942ல், டூ பேஸ். இவர் ஒரு நேர்மையான வழக்கறிஞர். முகத்தில் அமிலம் வீசப்பட்டு, பாதி முகம் கோரமாகி விடும். நல்லதா, கெட்டதா எதைச் செய்வது என்பதை, ஒரு நாணயத்தைச் சுண்டிப் போட்டு முடிவு செய்வார். நாணயத்தின் ஒரு பக்கம் பளபளப்பு. மறு பக்கம் கீறல். இவரைப் படிக்கும் போது, வில்லன் மீது கோபத்தோடு இரக்கமும் வரும். ஃபிங்கரின் வில்லன்களில் எனக்குப் பிடித்தவர் இவர் தான்.

1948ல் வந்த ரிட்லர், திருடப் போகும் முன் விடுகதை போட்டு விட்டுப் போகும் ஆசாமி. அவர் பெயர் எட்வர்ட் நிக்மா. பெயரின் முதல் எழுத்தோடு சேர்த்து, ஈ நிக்மா என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். புதிர் என்று பொருள் தரும் ஆங்கிலச் சொல் காதில் விழும்!

ஜோக்கர் கதை தான் பெரிய வழக்கு. 1940ல், பேட்மேனுக்கு என்றே தனிப் புத்தகம் தொடங்கிய போது, முதல் இதழிலேயே ஜோக்கரும் கேட்வுமனும் வந்து விட்டனர். ஓவியத்துக்கு உதவியாளராக இருந்த ஜெர்ரி ராபின்சன், சீட்டுக்கட்டின் ஜோக்கர் சீட்டில் இருந்து அந்த யோசனையைத் தான் கொண்டு வந்ததாகச் சொன்னார். கேன், அப்படி இல்லை என்றார். 1928ல் வந்த ஒரு பேசாத படத்தில், எப்போதும் சிரித்த முகத்தோடு வாழ நேர்ந்தவராக, கான்ராட் வைட் என்ற நடிகர் நடித்திருந்தார். அவரது புகைப்படத்தைக் கொண்டு வந்து, முகம் இப்படி இருக்கட்டும் என்று காட்டியவர் ஃபிங்கர். அந்த முதல் இதழிலேயே ஜோக்கர் செத்துப் போவதாக இருந்தது. பதிப்பாசிரியர், இவ்வளவு நல்ல வில்லனைக் கொல்வதா என்று, கடைசிக் கட்டத்தில் பிழைக்க வைத்து விட்டார். பிழைத்தவர், 2019ல் தன் பெயரிலேயே வந்த படத்தில், 100 கோடி டாலருக்கு மேல் வசூல் செய்தார். அந்த வேடத்துக்கு இரண்டாவது ஆஸ்கரும் கிடைத்தது.

பேட்மேனின் தோழன் ராபினையும் 1940ல் கொண்டு வந்தனர். தனியாகவே சுற்றும் நாயகன் யாரிடம் பேசுவான்? துப்பறியும் ஷெர்லாக் ஹோம்சுக்கு ஒரு வாட்சன் இருப்பது போல, பேட்மேனுக்கும் பேச்சுத் துணை வேண்டும் என்று நினைத்தார் ஃபிங்கர். அதே ஆண்டு, மார்ட்டின் நோடல் என்ற ஓவியரோடு சேர்ந்து, கிரீன் லேன்டர்ன் என்ற நாயகனையும் உருவாக்கினார்.

இவ்வளவு செய்தவரின் பெயர், ஏன் வரவில்லை?

பேட்மேனை நிறுவனத்துக்குக் கொடுத்த போது, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் கேன் மட்டுமே. பேட்மேன் எங்கே வந்தாலும், கேன் பெயர் இடம் பெறும் என்று ஏற்பாடு ஆனது. ஃபிங்கரிடம், எழுதிய தாளில் ஒரு வரி கூட இல்லை, பேச்சு தான். அவர் கூச்ச சுபாவம் உள்ளவர். எனக்கும் பங்கு உண்டு என்று மேஜையைத் தட்டிக் கேட்கும் ரகம் இல்லை. இன்னொரு குறையும் இருந்தது. சொன்ன தேதிக்குக் கதை தர மாட்டார். ஒரு கதையைச் செதுக்கிச் செதுக்கி எழுதுவார், இதழ் அச்சுக்குப் போகும் நாள் நெருங்கும், பதிப்பாசிரியர்கள் திட்டுவர். தாமதமாகத் தருபவருக்கு, உரிமை கேட்க வாய் வருமா?

ஆசிரியர் வேலையில் இருந்த காலத்தில், வகுப்பில் நான்கு பேரைச் சேர்த்து, ஒரு சார்ட் தயாரிக்கச் சொல்வேன். யோசனை ஒருவன் சொல்வான். படம் ஒருத்தி வரைவாள். பசை ஒருவன் தடவுவான். தலைமை ஆசிரியர் வந்து கேட்டால், சார்ட்டைக் கையில் பிடித்திருப்பவன் பெயர் தான் அவர் நோட்டில் ஏறும். யோசனை சொன்னவன், கடைசி பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருப்பான். ஃபிங்கரைப் பற்றிப் படிக்கும் போதெல்லாம், அந்தக் கடைசி பெஞ்ச் தான் ஞாபகம் வரும்.

கேன் பணக்காரரானார். ஃபிங்கர், மாதா மாதம் கதை எழுதி, அந்தந்தக் கதைக்கு உரிய கூலியை மட்டும் வாங்கி வாழ்ந்தார். பேட்மேனுக்கு, 25 ஆண்டுகளுக்கு மேல் எழுதினார்.

1965ல், நியூயார்க்கில் படக்கதை ரசிகர்கள் ஒரு மாநாடு நடத்தினர். அதில் ஃபிங்கரும் கலந்து கொண்டு, பேட்மேன் பிறந்த கதையைச் சொன்னார். கேட்டுக் கொண்டிருந்தவர்களுக்கு ஆச்சரியம். ஜெர்ரி பெய்ல்ஸ் என்ற ரசிகர், பேட்மேனில் ஃபிங்கரின் பங்கு என்ன என்று விளக்கி, ஒரு கட்டுரை எழுதி எல்லாருக்கும் அனுப்பினார். கேனுக்குக் கோபம் வந்தது. எல்லாவற்றையும் உருவாக்கியது நான் தான் என்று, ரசிகர் இதழ் ஒன்றுக்கு நீண்ட கடிதம் எழுதினார். விஷயம் அதோடு அமுங்கிப் போனது.

அந்த நேரத்தில் தான், 'டிவி'யில் பேட்மேன் தொடர் வந்து, அமெரிக்காவையே கலக்கியது. 1966 அக்டோபரில், கடிகார ராஜா என்ற வில்லன் வரும் இரண்டு பகுதிகளை, நண்பர் சார்லஸ் சின்கிளேருடன் சேர்ந்து எழுதினார் ஃபிங்கர். அதில், எழுதியவர் என்று அவர் பெயர் திரையில் வந்தது. தான் உருவாக்கிய உலகத்துக்குள், வாடகைக்கு வந்தவர் போல!

1974 ஜனவரி 18ல், நியூயார்க்கில், தன் வீட்டில் இறந்து கிடந்தார். இன்னும் மூன்று வாரம் இருந்திருந்தால், 60 வயது முடிந்திருக்கும். கையில் சேமிப்பு இல்லை. அவரது கடைசி விருப்பப்படி, மகன் அஸ்தியை எடுத்துச் சென்று, ஓரிகன் மாநிலக் கடற்கரையில், ஈர மணலில் வவ்வால் வடிவத்தில் கொட்டினார். அலை வந்து அந்த வவ்வாலை எடுத்துக் கொண்டு போயிற்று.

மறு ஆண்டு, 1975ல், சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் இருவரும் போராடி, தங்கள் பெயரைத் திரும்பப் பெற்றனர், ஓய்வூதியமும் கிடைத்தது. அவர்கள் உயிரோடு இருந்து கேட்டனர். ஃபிங்கருக்காகக் கேட்க யாரும் இல்லை.

1989ல், பேட்மேன் பெரிய திரைக்கு வந்து, 40 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. திரையில் கேன் பெயர் மட்டும். அதே ஆண்டு வெளியான தன் வாழ்க்கை வரலாற்றில், ஃபிங்கருக்கு உரிய பெயரைத் தராமல் போனதற்கு வருந்துவதாக, கேன் எழுதினார். நல்லது தான். ஆனால், பெயரைச் சேர்க்க அவர் எதுவும் செய்யவில்லை. 1998ல் அவரும் காலமானார்.

ஃபிங்கரோடு பணியாற்றிய ஜெர்ரி ராபின்சன் அவரை மறக்கவில்லை. அவர் முயற்சியால், 2005 முதல், உரிய புகழ் கிடைக்காத படக்கதை எழுத்தாளர்களுக்கு, பில் ஃபிங்கர் பெயரில் விருது வழங்கப்படுகிறது.

பிறகு வந்தார், மார்க் டைலர் நோபல்மேன். சிறுவர்களுக்குப் புத்தகம் எழுதுபவர். ஃபிங்கரைப் பற்றி எழுத நினைத்துத் தேடினால், புகைப்படம் கூடச் சரியாகக் கிடைக்கவில்லை. பழைய பள்ளி ஆண்டு மலர், ஆவணங்கள், தெரிந்தவர்கள் என்று, ஒரு துப்பறிவாளர் போல அலைந்தார். ஃபிங்கருக்கு வாரிசே இல்லை என்று எல்லாரும் நினைத்திருந்தனர். மகனும் 1992ல் இறந்து விட்டார். ஆனால், மகனுக்கு ஒரு மகள் இருப்பதை நோபல்மேன் கண்டுபிடித்தார். அதாவது, ஃபிங்கரின் பேத்தி! தாத்தாவை அவர் பார்த்ததே இல்லை. நோபல்மேன் எழுதிய சிறுவர் புத்தகம், 2012ல் வெளியானது. தாத்தாவின் பெயருக்காகக் குரல் கொடுக்க, பேத்தியும் முன் வந்தார்.

பேச்சு வார்த்தை நடந்தது. 2015 செப்டம்பரில், நிறுவனம் இறங்கி வந்தது. 2016ல், பேட்மேனும் சூப்பர்மேனும் மோதும் படம் உலகம் முழுவதும் வெளியான போது, கேன் பெயரோடு ஃபிங்கர் பெயரும் திரையில் வந்தது. பேட்மேன் பிறந்து, 77 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பிராங்சில், போ பூங்கா என்று ஒரு பூங்கா உண்டு. எழுத்தாளர் எட்கர் ஆலன் போ வாழ்ந்த சிறிய வீடு அங்கே தான் இருக்கிறது. இளைஞர்களாக இருந்த போது, கேனும் ஃபிங்கரும் அந்தப் பூங்காவில் உட்கார்ந்து, கதை பேசுவது வழக்கம். 2017 டிசம்பரில், அதை ஒட்டிய தெரு முனையில், பச்சை நிறத்தில் ஒரு பெயர்ப் பலகை மாட்டினர். அதில், பில் ஃபிங்கர் வழி என்று எழுதியிருக்கிறது.